யூனியன் சிட்டிப் பள்ளிகள்: ஒரு சிறுநகரக் கல்வியும் மாநிலச் சராசரியும்

ஓர் ஊரின் பள்ளிகள் எப்படி நடைபெறுகின்றன என்று வினவினால், பெரும்பாலோர் தேர்ச்சி விழுக்காட்டையே விடையாகக் கூறுவர். மே மாதந்தோறும் மாவட்ட வாரியாக வெளிவரும் பட்டியலில் நம் மாவட்டம் எத்தனையாவது இடம் என்று தேடுவது நமக்கும் பழகிப்போன ஒன்றாகும். அவ்வெண் பொய்யன்று. ஆயினும் அது எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லாது விடுகிறது என்பதை ஆராய்ந்து பார்ப்பவர் மிகச் சிலரே. இதனைத் தெளிவாக்கும் சான்று ஒன்று கடல் கடந்த நாட்டில் உள்ளது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த யூனியன் சிட்டி என்னும் சிறுநகரின் பொதுப்பள்ளிகளே அச்சான்று. ஆசிரியப் பணியை நாடும் நம் மாணவர்களுக்கு இவ்வரலாறு பயன்படும் என்னும் கருத்தால் அதனை ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

நகரும் மக்களும்

ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில், மன்ஹாட்டன் தீவின் வானளாவிய கட்டடங்களை எதிர்நோக்கிய பாறை மேட்டின்மீது யூனியன் சிட்டி அமைந்துள்ளது. மேற்கு ஹோபோக்கன், யூனியன் ஹில் என்னும் இரண்டு ஊர்கள் 1925-இல் இணைந்து இந்நகராயின. இதன் பரப்பு ஏறத்தாழ 3.3 சதுர கிலோமீட்டர் மட்டுமே. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் 68,589 பேர். அந்நாட்டிலேயே மக்கள் நெருக்கம் மிகுந்த நகரங்களுள் இது முன்வரிசையில் நிற்பது.

ஒரு காலத்தில் இந்நகர் பூத்தையல் தொழிலுக்குப் பெயர் பெற்றிருந்தது. செருமானியரும் சுவிட்சர்லாந்தினரும் கொணர்ந்த தையல் எந்திரங்கள் தெருவெங்கும் ஓடின. 1959-இல் கியூபாவில் நேர்ந்த புரட்சிக்குப் பின் அந்நாட்டினர் பெருந்திரளாக இங்கே குடியேறினர். தொழில் நலிந்தது, வசதி பெற்றோர் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர், அவர்கள் விட்ட வீடுகளில் டொமினிக்கக் குடியரசு, எக்குவடோர் முதலிய நாடுகளிலிருந்து வந்த வறியோர் குடிபுகுந்தனர். இன்று பள்ளிப் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் ஸ்பானிய மொழி பேசும் வழியினர். ஆங்கிலத்தைப் பள்ளி வாயிலில்தான் முதன்முதலாக முறையாகக் கேட்கும் குழந்தைகள் அவர்களுள் பலர்.

பள்ளி மாவட்டம் என்பது

'பள்ளி மாவட்டம்' என்னும் சொல்லை நாம் அறிந்த கல்வி மாவட்டத்தோடு ஒன்றாகக் கருதிவிடலாகாது. நியூஜெர்சியில் ஏறத்தாழ 600 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. பெரும்பாலும் ஓர் ஊருக்கு ஒன்று என்பதே கணக்கு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கல்விக் குழு, தனிக் கண்காணிப்பாளர், தனி வரவு செலவு உண்டு. ஆசிரியரை அமர்த்துவதும், பாடத்திட்டத்தை விரித்து வகுப்பதும், நூல்களைத் தேர்வதும் அவர்தம் பொறுப்பேயாகும். பள்ளிக்கான பணத்தில் பெரும்பங்கு அவ்வூர் வீடுமனைகளின்மீது விதிக்கப்படும் வரியிலிருந்து வருகிறது.

இம்முறையின் விளைவு யாதென்பதை விளக்க வேண்டுவதில்லை. மாளிகைகள் நிறைந்த ஊரில் சிறிய வரியே பெரும்பணம் தரும். வாடகைக் குடியிருப்புகள் நிறைந்த ஊரில் பெரிய வரியும் சிறுதொகையே தரும். எனவே மாநிலச் சராசரியோடு ஒரு நகரை ஒப்பிடும்போது, உண்மையில் இரண்டு ஊர்களின் வீட்டு விலைகளையே ஒப்பிடும் அபாயம் நேர்கிறது. நியூஜெர்சிக் கல்வித் துறை இதனை உணர்ந்தே, அவ்வூர் மக்களின் படிப்பு, தொழில், வேலையின்மை, வறுமை, வருமானம் ஆகியவற்றைக் கொண்டு மாவட்டங்களை 'ஏ' முதல் 'ஜே' வரை எழுத்திட்டு வகுத்தது. யூனியன் சிட்டி கடைநிலையாகிய 'ஏ' பிரிவில் இடம்பெற்றது. 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்குப் பின் இவ்வகுப்பு புதுப்பிக்கப்படவில்லை. இவ்வாறு நிறுத்தியது இழப்பே என்பது நம் கருத்து. குறையுடையதாயினும், ஒத்தாரை ஒத்தாரோடு நிறுத்திப் பார்க்க அது ஒரு கருவியாக இருந்தது.

1989-ஆம் ஆண்டின் எச்சரிக்கை

மாநில அரசு அந்நாளில் ஒவ்வொரு மாவட்டத்தையும் 52 அளவுகோல்களால் மதிப்பிட்டது. யூனியன் சிட்டி அவற்றுள் 44-இல் தவறியது. அவ்வாண்டிலேதான் பக்கத்து நகராகிய ஜெர்சி சிட்டியின் பள்ளிகளை மாநிலமே நேரடியாகக் கையகப்படுத்தியது. அமெரிக்காவில் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. பின்னர் 1991-இல் பாட்டர்சனும், 1995-இல் நியூவார்க்கும் அந்நிலையை அடைந்தன. யூனியன் சிட்டிக்கோ தன்னைத் தானே திருத்திக்கொள்ள ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை வகுக்கும் வாய்ப்பு வழங்கப்பட்டது.

அப்போது கண்காணிப்பாளர் பொறுப்பேற்ற தாமஸ் ஹைட்டனும், இருமொழிக் கல்வியில் அனுபவம் மிக்க பிரெட் காரிக்கும் அத்திட்டத்தை முன்னின்று நடத்தினர். அவர்கள் வெளியூர் வல்லுநர் எவரையும் அழைத்துவந்து ஆயத்தமான திட்டம் ஒன்றை விலைக்கு வாங்கவில்லை. ஆசிரியர்களையே குழுவாக அமர்த்திப் பாடத்திட்டத்தை எழுதச் செய்தனர். எல்லா வகுப்புகளையும் ஒரே ஆண்டில் புரட்டிப்போடவுமில்லை. மழலை வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை முதலில் மாற்றி, அப்பிள்ளைகள் மேலே செல்லச் செல்ல மாற்றத்தையும் மேல் வகுப்புகளுக்குக் கொண்டுசென்றனர்.

மாற்றத்தின் உயிர்நிலை வாசிப்பேயாகும். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை மணியடித்துப் பாடம் மாற்றும் முறை கைவிடப்பட்டது. நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தொடர்ச்சியாக மொழிக்கென ஒதுக்கப்பட்டது. ஒரே பாடநூலை வகுப்பு முழுவதும் ஒருங்கே ஒப்புவிப்பதற்கு மாறாக, வகுப்பறைதோறும் சிறு நூலகம் அமைந்தது. பிள்ளைகள் சிறு குழுக்களாக அமர்ந்து படிக்கவும், படித்ததைப் பேசவும், பேசியதை எழுதவும் பழகினர். ஆசிரியர்க்கு ஆண்டுதோறும் அளிக்கும் பயிற்சி நேரம் பன்மடங்காயிற்று. தேர்ந்த ஆசிரியர் புதியவரின் வகுப்பில் உடன் நின்று வழிகாட்டும் வழக்கமும் வேரூன்றியது.

மொழி ஆசிரியராகிய நம்மை மிகவும் ஈர்த்தது மற்றொன்று. ஆங்கிலம் அறியாது வரும் குழந்தையை முதல் நாளே ஆங்கில வெள்ளத்தில் தள்ளிவிடாமல், ஸ்பானிய மொழியிலேயே வாசிக்கவும் எழுதவும் கற்பித்து, உடன் ஆங்கிலத்தைப் படிப்படியாகக் கூட்டிச் சென்றனர். எழுத்தும் பொருளும் இணையும் அந்த நுட்பத்தை ஒரு மொழியில் பெற்ற குழந்தை, அதனை மறுமொழிக்கு எடுத்துச் செல்லும். இரண்டிலும் பெறாத குழந்தை இரண்டிலும் தடுமாறும். ஆங்கிலத்தையே ஆட்சிமொழியாகக் கொண்ட நாட்டின் நகரொன்று தாய்மொழி வழியே ஆங்கிலத்துக்குப் பாலமிட்டது என்பதை, மூன்று வயதில் ஆங்கில வழிப் பள்ளி தேடும் நம் பெற்றோர் அறிந்திருப்பது நலம்.

கணிப்பொறியைப் பற்றியும் ஒரு சொல். 1993-இல் பெல் அட்லாண்டிக் என்னும் தொலைபேசி நிறுவனம் கிறிஸ்டோபர் கொலம்பஸ் பள்ளியின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பள்ளியிலும் வீட்டிலும் கணிப்பொறி இணைப்புத் தந்தது. 1996-இல் குடியரசுத் தலைவர் கிளின்டனே அந்நகருக்கு வந்து பாராட்டினார். இதனால் யூனியன் சிட்டியின் உயர்வு கணிப்பொறியால் வந்தது என்றொரு பேச்சு பரவியது. ஆண்டு வரிசையை நோக்கின் இது பொருந்தாது. பாடத்திட்ட மாற்றம் தொடங்கிச் சில ஆண்டுகள் சென்ற பின்னரே கணிப்பொறி வந்தது. உழுது பண்படுத்திய நிலத்தில் விழுந்த மழை என்று வேண்டுமானால் அதனைக் கூறலாம்.

நீதிமன்றம் தந்த பணம்

நியூஜெர்சி அரசியல் சட்டத்தில் 1875-இல் சேர்க்கப்பட்ட விதியொன்று, ஐந்து முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுமையும் திறமும் வாய்ந்த இலவசப் பொதுப்பள்ளி முறையை வழங்குவது அரசின் கடமை என்கிறது. வறிய நகரங்களின் பிள்ளைகள் சார்பில் 1981-இல் தொடுக்கப்பட்ட ஆபட் வழக்கு இவ்விதியையே அடிப்படையாகக் கொண்டது. மாநில உச்சநீதிமன்றம் 1990-இல் வழங்கிய தீர்ப்பில், வறிய நகர மாவட்டங்கள் ஒரு மாணவருக்குச் செலவிடும் தொகை செல்வ மாவட்டங்களின் அளவுக்கு உயர்த்தப்பட வேண்டும் என ஆணையிட்டது. 1998-ஆம் ஆண்டுத் தீர்ப்போ, சட்டத்தில் சொல்லப்பட்ட ஐந்து வயதுக்கும் கீழே இறங்கி, மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் தரமான முன்பள்ளி வேண்டும் என்றது. வகுப்புக்குப் 15 குழந்தைகளுக்கு மேலாகாது. பட்டமும் சான்றிதழும் பெற்ற ஆசிரியர் ஒருவர், துணையாளர் ஒருவர் இருத்தல் வேண்டும் என்பன அதன்வழி வந்த நெறிகள். இத்தீர்ப்புகளால் பயன்பெற்ற மாவட்டங்கள் 31. யூனியன் சிட்டி அவற்றுள் ஒன்று. அதன் செலவில் பெரும்பகுதி மாநிலக் கருவூலத்திலிருந்தே வருகிறது.

இம்முன்பள்ளிகளில் பயின்ற குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வுகள், அவர்கள் பெற்ற முன்னேற்றம் ஐந்தாம் வகுப்பிலும் நிலைத்திருந்ததையும், ஓராண்டு பயின்றோரைவிட ஈராண்டு பயின்றோர் மேம்பட்டு நின்றதையும் காட்டியுள்ளன. ஆங்கிலம் அறியாத குழந்தைக்கு மூன்று வயதில் தொடங்கும் இரண்டு ஆண்டுகள் எத்துணைப் பெரியன என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

எனினும் பணம் மட்டுமே காரணம் என முடிவு கட்டுவதும் பிழையாகும். அதே தீர்ப்பால் அதே வகைப் பணத்தைப் பெற்ற காம்டன் மாவட்டத்தை 2013-இல் மாநிலம் கையகப்படுத்த நேர்ந்தது. ஆஸ்பரி பார்க் என்னும் சிற்றூர் ஒரு மாணவருக்கு மாநிலத்திலேயே மிகுதியாகச் செலவிடும் மாவட்டங்களுள் ஒன்றாயிருந்தும் தேர்வு விளைவுகளில் நெடுங்காலம் பின்தங்கி நின்றது. நியூவார்க் தன் பள்ளிகளின் ஆட்சியைத் திரும்பப் பெற 2018 வரை காத்திருந்தது. யூனியன் சிட்டியில் பணம் வரும்போது அதனைச் செலவிடத் தெரிந்த திட்டமும், திட்டத்தை அறிந்த ஆசிரியரும் முன்னமே இருந்தனர். மேலும் இந்நகரின் கல்விக் குழுவினர் தேர்தலில் வருபவரல்லர், மேயரால் அமர்த்தப்படுவோர். 2000-இல் மேயரான பிரையன் ஸ்டாக் 2008-இல் மாநில செனட்டிலும் இடம்பெற்றார். ஆகவே நகர ஆட்சியும் பள்ளி ஆட்சியும் மாநில அவையில் ஒரே குரலாக ஒலித்தன. இவ்வாறு அதிகாரம் ஓரிடத்தில் குவிவது நல்லதா என்று கேட்பாரும் உளர். கேட்க வேண்டிய கேள்வியே அது. ஆனால் ஆட்சி மாறுந்தோறும் திட்டமும் மாறும் அலைச்சல் இப்பள்ளிகளுக்கு இல்லாமற் போயிற்று என்பதையும் மறுப்பதற்கில்லை.

எண்களைப் படிக்கும் முறை

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் கிர்ப் இந்நகர்ப் பள்ளிகளில் நெடுநாள் அமர்ந்து கண்டவற்றை 2013-இல் நூலாக வெளியிட்டார். மூன்றாம் வகுப்பு முதல் உயர்நிலைப் பள்ளி வரை யூனியன் சிட்டி மாணவரின் மதிப்பெண்கள் மாநிலச் சராசரியை ஒட்டி நிற்கின்றன என்றும், 2011-இல் பள்ளிப் படிப்பை முடித்தோர் 89.5 விழுக்காடு என்றும், இது நாட்டுச் சராசரியைவிடப் பத்துப் புள்ளிகள் அளவுக்கு மிகுதி என்றும் அவர் எழுதினார்.

'சராசரியை ஒட்டி' என்னும் சொல் கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றலாம். எந்த மாநிலத்தின் சராசரி என்பதைக் கருத வேண்டும். நாடு தழுவிய கல்வி மதிப்பீட்டுத் தேர்வுகளில் மாசசூசெட்ஸோடு முதல் வரிசையில் நின்று வருவது நியூஜெர்சி. அதன் சராசரியை உயர்த்துவோர் மருத்துவரும் பொறியாளரும் வாழும் புறநகர்களின் பிள்ளைகள். அந்தச் சராசரியைக் கடைநிலைப் பிரிவைச் சேர்ந்த ஒரு நகரம் எட்டுவது, மேட்டு நிலத்தில் நிற்பவரோடு பள்ளத்தில் நிற்பவர் தலை சமமாக நிற்பது போன்றது. பள்ளத்தில் நிற்பவரே நெடியவர்.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் குழுவினர் இதனை வேறு வழியில் அளந்தனர். மாநிலந்தோறும் தேர்வு வேறாதலின், எல்லா மாவட்டங்களின் மதிப்பெண்களையும் நாட்டுப் பொது அளவுகோலுக்கு மாற்றினர். ஒரு வகுப்பில் ஓராண்டு கற்பது எவ்வளவோ அதனையே அலகாகக் கொண்டனர். 2016-இல் வெளிவந்த அவ்வாய்வு, வருமானம் உயர உயர மதிப்பெண்ணும் உயர்வதையே எங்கும் காட்டியது. அப்போக்குக்கு விலகி நின்ற மிகச் சில ஊர்களுள் யூனியன் சிட்டியும் ஒன்று. குடும்பங்களின் இடைநிலை வருமானம் 37,000 டாலர், பட்டம் பெற்ற பெற்றோர் 18 விழுக்காடு மட்டுமே என்னும் நிலையிலும், அதன் மாணவர் நாட்டுச் சராசரிக்கு ஒரு வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு மேலே நின்றனர்.

தேர்ச்சி, வளர்ச்சி என்னும் இரண்டையும் பிரித்தறிவது இவ்விடத்தில் இன்றியமையாதது. ஒரு குழந்தை இன்று எந்தப் படியில் நிற்கிறது என்பது தேர்ச்சி. சென்ற ஆண்டு நின்ற படியிலிருந்து எத்தனை படி ஏறியது என்பது வளர்ச்சி. நியூஜெர்சி ஆண்டுதோறும் வெளியிடும் பள்ளிச் செயல்திறன் அறிக்கையில் இரண்டும் இடம்பெறுகின்றன. முன் ஆண்டுகளில் ஒத்த மதிப்பெண் பெற்ற மாநிலத்துப் பிள்ளைகளோடு ஒரு பிள்ளையை ஒப்பிட்டு, நூறு பேரில் எத்தனை பேரை முந்தியது எனக் கணக்கிடுவர். அவ்வெண்களின் நடுவெண் 50 என்றால் பள்ளியின் வளர்ச்சி மாநில இயல்பை ஒத்தது என்பது பொருள். வசதியான வீட்டிலிருந்து உயர்ந்த படியில் வந்து ஏறியவர்களால் தேர்ச்சியில் முதலிடம் பெறும் பள்ளி, வளர்ச்சியில் பின்தங்குவதும் உண்டு. வறிய பகுதியின் பள்ளி தேர்ச்சியில் தாழ்ந்து வளர்ச்சியில் ஓங்குவதும் உண்டு. ஆசிரியரின் உழைப்பை அறிய விரும்புவோர் இரண்டாவது எண்ணையே முதலில் நோக்க வேண்டும்.

பாராட்டத் தொடங்கினால் குறையை மறைத்துவிடும் இயல்பு கட்டுரையாளர்க்கு உண்டாதலின், இரண்டு எச்சரிக்கைகளைக் கூறுகின்றோம். படிப்பை முடித்தோர் விழுக்காடு எல்லா ஆண்டுகளிலும் ஒரே முறையில் கணக்கிடப்பட்டதன்று. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தோருள் நான்கு ஆண்டுகளில் முடித்தோர் யாவர் எனத் தொடர்ந்து எண்ணும் முறைக்கு 2011-ஐ ஒட்டியே மாநிலம் மாறியது. மேலும் பொதுத் தேர்வில் வெற்றி பெறாதவர்க்கு மாற்று மதிப்பீட்டின் வழியே சான்றிதழ் வழங்கும் ஏற்பாடும் அங்கு உண்டு. வறிய நகரங்களில் அவ்வழியே வெளியேறியோர் தொகை மிகுதி. ஆகவே முடித்தோர் எண்ணிக்கையை மட்டும் கொண்டு கற்றவர் எண்ணிக்கையைக் கூறிவிட இயலாது. இரண்டாவது, தொடக்கப் பள்ளிகளில் கண்ட ஒளி உயர்நிலைப் பள்ளியில் அதே அளவில் இல்லை. கிர்ப்பின் நூலிலும் இடர் மிக்க பகுதி உயர்நிலைப் பள்ளியே. எமர்சன், யூனியன் ஹில் என்று தலைமுறைகளாகப் போட்டியிட்டு வந்த இரண்டு பள்ளிகளை இணைத்து 2009-இல் புதிய பள்ளி திறக்கப்பட்டது. இடமில்லாத ஊராதலின் விளையாட்டுத் திடலையே அதன் கூரைமீது அமைத்தனர். கட்டடம் இணைந்த விரைவில் ஆசிரியர் மனங்கள் இணைந்துவிடுமா? பதினைந்து வயதில் வேற்று நாட்டிலிருந்து வந்து நேரே ஒன்பதாம் வகுப்பில் அமரும் மாணவனுக்கு முன்பள்ளியின் இரண்டு ஆண்டுகளும், மூன்றாம் வகுப்பின் வாசிப்பு நேரமும் கிடைத்திருக்கவில்லை என்பதையும் எண்ண வேண்டும்.

ஆண்டுகளுக்கிடையே ஒப்பிடுவதிலும் தடை உண்டு. நியூஜெர்சி தன் தேர்வை 2015-இல் முற்றிலும் மாற்றியது. 2019-இல் மீண்டும் திருத்திப் பெயர் மாற்றியது. ஐந்து நிலைகளுள் நான்காவது, ஐந்தாவது நிலைகளை எட்டியோரே எதிர்பார்ப்பை நிறைவு செய்தோராகக் கொள்ளப்படுகின்றனர். இது முன்னைய தேர்ச்சிக் கோட்டைவிடக் கடினமானது. எனவே 2014-இன் எண்ணையும் 2015-இன் எண்ணையும் அருகருகே வைத்து, வீழ்ச்சி என்று கூவுவது அறியாமை. அவ்வாண்டில் மாநிலம் முழுவதன் எண்ணும் தாழ்ந்தது. சராசரிக்கும் நகருக்கும் உள்ள இடைவெளி விரிந்ததா குறுகியதா என்பதே கேட்கத்தக்க வினா.

பின்னர்ப் பெருந்தொற்று வந்தது. 2020, 2021 ஆகிய இரண்டு இளவேனிற் காலங்களிலும் மாநிலத் தேர்வு நடைபெறவில்லை. 2022-இல் மீண்டும் நடந்தபோது மூன்றாம் வகுப்பில் தேர்வெழுதிய குழந்தைகள், 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது முதல் வகுப்பில் இருந்தவர்கள். வாசிக்கத் தொடங்கும் பருவத்தினர். நெருக்கமான வீடுகளில், ஸ்பானிய மொழி மட்டுமே ஒலிக்கும் அறைகளில், கணிப்பொறித் திரை வழியே அவர்கள் ஆங்கில எழுத்தைக் கற்றனர். அவ்வணியினர் 2027-இல் உயர்நிலைப் பள்ளியில் நுழைவர். அவர்களுள் எத்தனை பேர் நான்கு ஆண்டுகளில் படிப்பை முடித்தனர் என்னும் எண், 2031-ஆம் ஆண்டின் அறிக்கையில் மாநிலச் சராசரியின் பக்கத்தில் அச்சாகும்.